சும்மா இருந்தவளின் இருமல்

முதலில் வந்தது இருமல்தான். முக்கூடலில் பீடி சுற்றும் எந்த வீட்டில்தான் இருமல் இல்லை என்று நானும் விட்டுவிட்டேன். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்ததுமே மூச்சு முட்டத் தொடங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

போன இடத்திலெல்லாம் ஒரே கதை. நெபுலைசர் (மருந்தைப் புகைபோல் ஆக்கி மூச்சில் இழுக்க வைக்கும் கருவி) வைப்பார்கள். ஸ்டீராய்டு மாத்திரை (உள்வீக்கத்தை அடக்குவது) தருவார்கள். கொஞ்ச நாள் தெளியும், மறுபடி நெஞ்சு கரகரக்கும். கூரை ஒழுகும்போது தரையைத் துடைத்துக்கொண்டே இருப்பதற்குப் பெயர் வைத்தியமா?

வேலை என்ன என்று யாராவது கேட்டால், நான் மூச்சு வாங்கி வாய் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொள்வார். "வீட்ல சும்மாதான் இருக்கா, சார்."

எங்கள் பக்கம் அப்படித்தான். விடிந்ததிலிருந்து மடியில் சொளவை (முறம்) வைத்துப் பீடி சுற்றினாலும், வாசல் தாண்டாதவள் சும்மா இருப்பவள். டாக்டர்களும் அதையே எழுதிக்கொண்டார்கள். மஞ்சளேறிய என் விரல்களை ஒருத்தரும் பார்க்கவில்லை. நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரம்மாதான் நாடி பார்க்கும்போது கையைத் திருப்பினார். "இது என்னக்கா, விரலெல்லாம் மஞ்சளா இருக்கு?"

"சும்மா இருந்த கை, டாக்டரம்மா. பீடி சுத்துதேன்" என்றேன். வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஃபேன் போட்டுக்கிடுவீங்களா?"

"எப்படிப் போட? பொயிலைத் தூள் பறந்துருமே. சன்னலையும் சாத்திருவோம். மழைக்கு நமத்துப்போயிரும்னு தூள் மூட்டைய கட்டிலுக்கடியிலதான் வச்சிருக்கேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "தூங்கும்போதும் புகையிலையைத்தான் இழுத்திருக்கீங்க. அத விடாம நான் எந்த மருந்து தந்தாலும் வீண்."

விடு என்று சொல்வது லேசு. எங்கள் அடுப்பு பாதி அதில்தான் எரிந்தது. ஆனாலும் விட்டேன். இப்படி இருமிக்கொண்டிருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: டாக்டர் கேட்காவிட்டாலும் உங்கள் வேலையை நீங்களே சொல்லுங்கள். பக்கத்தில் நிற்பவரைப் பேச விடாதீர்கள்.

கெட்ட நுரையீரல் முழுசாகத் திரும்பாது என்றார்கள். ஆற்றங்கரைப் படி ஏறும்போது இன்னமும் நடுவில் உட்கார வேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் பொழுதைப் பீடிக்கட்டில் அளந்தேன். இப்போது பகல் நீளமாக இருக்கிறது, பகலிலும் ஃபேன் சுற்றுகிறது.

போன வாரம் வந்த சொந்தக்காரரிடம் வீட்டுக்காரர் சொன்னார்: "வேலைய விட்டுட்டா. இப்ப நெசமாவே சும்மாதான் இருக்கா."

கட்டிலில் கிடந்தபடியே சொன்னேன்: "சும்மா இல்ல. மூச்சு விடுதேன்."