நான் இறங்காத கப்பல்

மலேசியாவின் சுபாங் ஜெயாவில் முக்குளிப்புச் சுற்றுலா நடத்தும் சிறு நிறுவனத்தில் எனக்கு எழுத்து வேலை. கிழக்குக் கரையோரக் கடலில் மூழ்கிக் கிடக்கும் சரக்குக் கப்பலின் கதையை இணையதளத்துக்கு நான்தான் எழுதினேன். பாறையில் மோதி மூழ்கிய கப்பலில் மீன்கள் குடியேறின. மீனவர்களின் வலைகள் அதில் சிக்கிக் கிழிந்தன. கப்பல் கிடக்கும் இடத்தை அவர்களிடம் கேட்டறிந்து முக்குளிப்பவர்கள் வரத் தொடங்கினார்கள். சுவைக்காக, "சரக்கறைக்குள் நான் நுழைந்தபோது" என்றும் சேர்த்துவிட்டேன். எனக்கு நீச்சலே தெரியாது.

அதைப் படித்த ஒரு குழுவினர் என்னோடுதான் இறங்குவோம் என்றார்கள்.

முதலாளிக்கு ஒரே மகிழ்ச்சி. "டைவிங் லைசென்ஸ் இருக்குதானே?"

"எக்ஸ்பயர் ஆயிருச்சு பாஸ்," என்று வாய் முந்திக்கொண்டது.

"புது கோர்ஸ் போட்டுத் தரேன்லா."

அன்று மாலை ஜெஞ்சாரோமில் இருக்கும் அம்மாவை அழைத்து உண்மையைச் சொல்லப் பார்த்தேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். அந்தக் கப்பல் கதையை அவருக்கும் படித்துக் காட்டியிருந்தேன். "நீ கடலுக்கடியில போறத கோயில்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்பா. அர்ச்சனையும் பண்ணியாச்சு," என்றார்.

மறுநாள் பயிற்சிப் படிவத்தில், நீந்தத் தெரியுமா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதி நீட்டினேன். முதலாளி படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அப்ப உள்ள நுழைஞ்சது யாரு?"

"யூடியூப், பாஸ்."

"கஸ்டமருக்குத் தெரியக் கூடாது. டிரிப்ப ரெண்டு மாசம் தள்ளிப் போடறேன். சனிக்கிழமை சின்னப் பிள்ளைங்க நீச்சல் கிளாஸ் இருக்கு, போய் சேரு."