மெத்தென்று ஒரு கட்டி

என் ஆறு வயது மகள் யாழினியின் வலது காதடி வீங்கியதும், பொன்னுக்கு வீங்கி என்றே நம்பினேன். மனைவி செல்வியின் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிப் பிள்ளைக்கு மாட்டினேன். தங்கம் பட்டால் வடிந்துவிடும் என்பார்கள். பிள்ளைக்குச் சங்கிலி பிடித்துப்போனது. வீக்கம் மட்டும் அசையவில்லை. காய்ச்சலும் இல்லை, வலியும் இல்லை.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோலின் தரம் பார்ப்பது என் வேலை. கட்டைவிரலால் அழுத்தியே நல்லது கெட்டது சொல்லிவிடுவேன். அந்தத் திமிரில் மகளின் கன்னத்தையும் அழுத்தினேன். மெத்தென்று இருந்தது. தரம் பார்க்கும் எங்கள் மேசையில் தோல் மெத்தென்று இருந்தால் மட்டம் என்று கழித்துவிடுவோம். அதன்பின் வேலைக்குக் கிளம்பும்போதும் அழுத்தினேன், திரும்பி வந்தும் அழுத்தினேன்.

“விடுய்யா புள்ளைய. இன்னா, கம்பெனி தோலா அது? அமுக்கி அமுக்கியே ஜாஸ்தி பண்ணிடுவ போல,” என்றாள் செல்வி.

அதற்கும் பயந்து, வீட்டுக்குள் கையைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டு திரிந்தேன்.

வேலூரில் ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். முடிவுக்குக் காத்திருந்தபோது என் காதடியிலும் ஒரு கட்டியைக் கண்டுபிடித்தேன். செல்வி தொட்டுப் பார்த்தாள். “தாடை எலும்புய்யா அது.”

பரோடிட் சுரப்பிக்குள் (காதுக்கு முன்னால் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பி) லிப்போமா (தீங்கில்லாத கொழுப்புக் கட்டி) போலத் தெரிகிறது என்றார் டாக்டரம்மா. பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் வருவது அபூர்வமாம்.

“மெத்துனு இருக்குதுங்க மேடம்,” என்றேன், குற்றத்தை ஒப்புக்கொள்பவன்போல.

“நல்லதுதாங்க. கல்லு மாதிரி இருந்தா நான் இன்னும் கவலப்பட்டிருப்பேன்.”

சிரிக்க வாய் திறந்தேன். அதற்குள் மீதியையும் சொன்னார். கட்டி வளர்வதால் எடுத்தாக வேண்டும். அந்தச் சுரப்பிக்குள்தான் முக நரம்பு (கண்ணை மூடவும் வாயை அசைக்கவும் வைப்பது) ஓடுகிறது. அதில் அடிபட்டால் முகம் ஒரு பக்கம் கோணலாம்.

மகளைச் சிரிக்கவைத்தே சோறு ஊட்டியவன் நான். அறுவை சிகிச்சை நாள்வரை அவள் சிரிக்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்பை மனப்பாடம் செய்தேன். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

இதைப் படிக்கும் பெற்றோருக்கு ஒன்று: ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஜோக் எடுபடாது. முயன்று பார்த்துவிட்டேன்.

“பல்ல காட்டு பாப்பா,” என்றார் டாக்டரம்மா, ஆபரேஷன் முடிந்த மறுநாள். காட்டினாள். கண்கள் நன்றாக மூடின. வலப்பக்கக் கீழுதடு மட்டும் அசையவில்லை.

“நரம்பு முழுசா இருக்குங்க. அசந்துபோயிருக்கு. திரும்பி வரும், கொஞ்சம் டைம் குடுங்க.”

ஷிஃப்ட் சங்கை வைத்தே நேரம் அறிந்தவன், அந்த உதட்டை வைத்து நாள்களை எண்ணினேன். “பல்லக் காட்டும்மா” என்று அவள் பின்னாலேயே அலைந்தேன்.

வாரங்கள் போயின. ஒருநாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. “போப்பா, பேஜாரு!” என்று முகத்தைக் கோணிப் பழிப்புக் காட்டினாள். உதடு இரண்டு பக்கமும் சரிசமமாகக் கோணியது.

இப்போதும் மேசையில் மெத்தென்ற தோல் வந்தால் என் விரல் ஒரு நொடி நிற்கிறது. அவள் காதோரம் மெல்லிய தழும்பும், கட்டைவிரல் பதிகிற அளவுக்கு ஒரு பள்ளமும் இருக்கின்றன. நான் அழுத்துவதில்லை.

பரிசோதனையில், எடுத்த கட்டி வெறும் கொழுப்புதான் என்று வந்தது. இதுவரை திரும்ப வரவில்லை.