குதுப்மினார் ஸ்டாப்பில் மூன்று மணி நேரம்

டெல்லி வந்த எட்டாம் நாள், காலை ஆறு மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. மே மாதம், கேட்பானேன்! கரோல்பாக் லாட்ஜில் பெட்டிகளைக் கட்டி வைத்துவிட்டு, சாயங்காலம் ஆறே முக்காலுக்கு மெட்ராஸ் வண்டி ஏறும் வரைக்கும் ஃபேனுக்குக் கீழே காலை நீட்டிப் படுத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். எங்கள் வீட்டுக்காரர் விட்டால்தானே?

அவர் ரெட்டிபாளையம் சிமெண்ட் ஃபேக்டரியில் ஃபிட்டர். குடும்பத்தோடு வெளியூர் போய்வர கம்பெனியில் சலுகை கொடுத்தார்கள் என்றுதான் நாங்கள் நாலு பேரும் இத்தனை தூரம் வந்தோம். தாஜ்மகாலைப் பார்த்தே அசராத மனுஷர், குதுப்மினார் பக்கத்தில் துருப்பிடிக்காத இரும்புத் தூண் ஒன்று நிற்கிறது என்று எங்கேயோ படித்துவிட்டு, அரியலூரில் ரயில் ஏறியதிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

“வண்டி ஏற வேண்டிய அன்னிக்கி இதெல்லாம் தேவையா?” என்றேன்.

“இவ்ளோ தூரம் வந்துட்டு அதைப் பாக்காம போனா ஒர்க்‌ஷாப்புல எவன் மதிப்பான்?” என்றார்.

பேச்சு தடித்துவிட்டது. நானும் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். கடைசியில் வழக்கம்போல நான்தான் முதலில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அதுவரை ஏழு நாளும் டூர் பஸ்ஸில் சுற்றினோம். ஆட்களை எண்ணி ஏற்றி, எண்ணி இறக்கினார்கள். அன்றைக்குத்தான் டெல்லி டவுன் பஸ்ஸில் முதன்முதலாக ஏறினோம். டிக்கெட் ஆளுக்கு ஐம்பது காசு. புறப்படும் இடத்திலேயே காலியாக நின்ற பஸ்ஸில் ஏறியதால் எந்தப் படியில் ஏறினோம் என்றுகூட நான் கவனிக்கவில்லை. பதினைந்து கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

ஒன்பதரை மணிக்கு குதுப்மினார். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரம். சிவப்புக் கல்லில் பூ வேலையும் எழுத்து வேலையும் சுற்றிச் சுற்றி மேலே போகின்றன. உள்ளே ஏறுவதற்குப் படிகள் உண்டாம். ஆனால் இப்போது யாரையும் ஏற விடுவதில்லை. எனக்கு அதில் வருத்தமே இல்லை. நம் ஆள் கோபுரத்தை ஏறெடுத்தும் பார்க்காமல் நேராகத் தூணுக்குப் போனார். மொட்டையாக நிற்கிறது, மூன்று ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார், தடவினார், முகர்ந்துகூடப் பார்த்தார். தூணுக்கு முதுகைக் காட்டி நின்று, கைகளைப் பின்னால் கொண்டுபோய்க் கோத்துவிட்டால் நினைத்தது நடக்குமாம். வரிசையில் நின்று அதையும் செய்தார், விரல் எட்டவில்லை. “கை கொஞ்சம் நீளம் பத்தல” என்று மகனிடம் சொல்லிச் சிரித்தார். காலையில் போட்ட சண்டை எனக்கு அதோடு மறந்துபோனது.

பன்னிரண்டே காலுக்குத் திரும்பிவர ஸ்டாப்புக்கு வந்தோம். கூட்டம் நெருக்கியடித்தது. பஸ் வந்ததும், நம்ம ஊர்ப் பழக்கம் பாருங்கள், நான் ஆறு வயசு கலாவைப் பிடித்துக்கொண்டு முன்படிக்கு ஓடினேன். அவர் ஒன்பது வயசுக் குமாரோடு பின்படிக்கு ஓடினார். அரியலூரிலும் பெரம்பலூரிலும் பொம்பளைகள் முன்னாலும் ஆம்பளைகள் பின்னாலும் ஏறுவது பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். டெல்லியில் முன்படி இறங்குவதற்கு மட்டும்தான் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? இறங்குகிறவர்கள் மேலே விழுந்தார்கள். டிரைவர் கையை ஆட்டி இந்தியில் கத்தினார். கலா கீழே விழாமல் நான் அவளைப் பின்னால் இழுத்த நேரத்தில் பஸ் கிளம்பிவிட்டது. ஜன்னல் வழியாக அவர் முதுகு தெரிந்தது. கண்டக்டரிடம் நாலு டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்தார்.

“ஏங்க! ஏங்க!” என்று கத்தினேன். ஸ்டாப்பில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், அவரைத் தவிர.

அடுத்த ஸ்டாப்பில் இறங்கி ஓடி வருவார் என்று பத்து நிமிஷம் நின்றேன். வரவில்லை. பிறகுதான் உறைத்தது. நம்ம ஊரில் பஸ்ஸுக்குள் ஏறிவிட்டால் எந்தப் புருஷன் முன்பக்கம் எட்டிப் பார்க்கிறான்? இறங்குகிற இடத்தில்தான் பெண்டாட்டியைத் தேடுவான். பஸ் கடைசியில் போய் நிற்கும் வரைக்கும் நான் முன்னால் உட்கார்ந்திருப்பதாகத்தான் நினைப்பார். லாட்ஜின் பெயரெழுதிய சீட்டு, ரயில் டிக்கெட் எல்லாமே அவர் சட்டைப் பையில். என் இடுப்புச் சுருக்குப் பையில் ஒன்பது ரூபாய். எனக்குத் தெரிந்த இந்தி ‘பானி’ ஒன்றுதான்.

ஒரு மணி. அனல் காற்று, சூளை வாசலில் நிற்கிற மாதிரி. ஐஸ் தண்ணீர் வண்டிக்காரரிடம் இரண்டு கிளாஸ் வாங்கினேன், கிளாஸ் பத்து காசு. அவரிடம் தமிழிலேயே முழுக்கதையையும் சொன்னேன். அவர் என்னத்தைப் புரிந்துகொண்டாரோ, வண்டியின் நிழல் எங்கள் மேல் விழுகிற மாதிரித் தள்ளி நிறுத்தினார். நன்றாக இருக்கட்டும் அந்த மனுஷர்.

ஒன்றே முக்காலுக்கு ஒரு காலேஜ் பெண் வந்தாள். என் முகத்தைப் பார்த்து இங்கிலீஷில் விசாரித்தாள். “ஹஸ்பெண்ட். பஸ். கான்,” என்றேன், பத்தாவது வரை படித்த இங்கிலீஷில். கரோல்பாக் என்றதும், தன்னோடு வந்தால் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னாள். பஸ்ஸும் வந்து நின்றது. ஒரு காலைத் தூக்கியும் விட்டேன். நாம் அங்கே போய், அவர் இங்கே வந்து நின்றால்? நாம் இங்கேயே நின்று, அவர் அங்கே தேடிக்கொண்டிருந்தால்? வண்டி ஆறே முக்காலுக்கு! தொலைந்தால் நின்ற இடத்திலேயே நிற்கணும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தவள் நான். காலைக் கீழே வைத்துவிட்டேன். அந்தப் பெண் போய்விட்டாள்.

“அப்பா நம்மள வுட்டுட்டு ஊருக்குப் போயிட்டாராம்மா?” என்றாள் கலா.

“வாய மூடுடி,” என்றேன். அழுகை வந்துவிட்டது. அவள் தலையில் முந்தானையைப் போடுகிற சாக்கில் என் கண்ணையும் துடைத்துக்கொண்டேன்.

இரண்டு மணி, இரண்டரை. ஒவ்வொரு பஸ்ஸிலும் பின்படியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஏறுகிறார்களே ஒழிய யாரும் இறங்கவில்லை. மூன்றேகாலுக்குக் கலாதான் “அப்பா!” என்று கையை உதறிக்கொண்டு ஓடினாள். முன்படியில் இறங்கி நின்றார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது, முகம் பேயறைந்த மாதிரி.

“எங்கடி போன?” என்றார்.

“நான் எங்க போனேன்? நீங்கதான் போனீங்க!”

அவ்வளவு பேர் முன்னாலும் என் மணிக்கட்டைப் பிடித்தார். ஆட்டோவில் லாட்ஜுக்குப் போய்ப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஸ்டேஷன் சேரும் வரைக்கும் அந்தக் கையை விடவில்லை. வண்டி கிளம்ப ஒரு மணி நேரம்தான் இருந்தது.

சீட்டில் உட்கார்ந்து மூச்சு வந்த பிறகு எனக்குக் கோபமும் வந்தது. பஸ்ஸில் நான் இல்லை என்று தெரிந்ததும் நேராகத் திரும்பி வந்திருந்தால் இரண்டு மணிக்கே வந்திருப்பார். முதலில் லாட்ஜுக்குப் போயிருக்கிறார். “அங்க எதுக்குப் போனீங்க?” என்று கேட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். போபால் தாண்டியும் ஜன்னல்தான், நாக்பூர் தாண்டியும் ஜன்னல்தான். விஜயவாடாவில் அவர் இட்லி வாங்க இறங்கியபோது குமார் என் காதோடு சொன்னான்: “அப்பா பொட்டியத் தொறந்து ஒம் பொடவையெல்லாம் இருக்கான்னு பாத்தாரும்மா.”

இரண்டு ராத்திரி கழித்து, காலையில் மெட்ராஸ். எழும்பூரில் பகல் வண்டி பிடித்து, நாலு மணிக்கு அரியலூரில் இறங்கினோம். பஸ் ஸ்டாண்டில் போர்டு படிக்கத் தெரிந்தது, பேசுகிற பேச்செல்லாம் காதில் ஏறியது. அதுவே பெரிய சுகமாக இருந்தது. ரெட்டிபாளையம் பஸ்ஸுக்கு நிற்கும்போது மறுபடியும் கேட்டேன்.

“பொட்டியில பொடவை இருக்கான்னு எதுக்குங்க பாத்தீங்க?”

“காலையில நீதான சொன்ன?”

“என்ன சொன்னேன்?”

“எங்கண்ணன் வூட்டுக்குப் போறேன்னு.”

சத்தியமாக எனக்கு ஞாபகமில்லை. அண்ணன் வீடு அரியலூர் பக்கத்திலேயே, கல்லங்குறிச்சியில். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அதை நூறு தடவையாவது சொல்லியிருப்பேன், போனது கிடையாது. நான் கத்தும்போதெல்லாம் அவர் பாட்டுக்குப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். காதில் விழுந்த மாதிரியே காட்டிக்கொள்ள மாட்டார்.

“டெல்லியிலேருந்தா? ஒம்போது ரூவாய வச்சிக்கிட்டா?” என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை.

“நீ போயிடுவ,” என்றார்.

பன்னிரண்டு வருஷமும் இந்த மனுஷர் பயந்துகொண்டேதான் பேப்பர் படித்திருக்கிறார்.