பதிமூன்று வருஷத்து மண்

பாலக்கோட்டுப் பஸ் ஸ்டாண்டு என்றால் நாலு புளியமரமும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் மட்டும்தான் என்று இருந்த காலம் அது. மூன்றாவது மரத்தடியில் காசிமின் டீக்கடை. ஊர்க்காரர்களுக்கு டீயைக் குடித்து முடித்ததோடு சரி. காசிமின் மனைவி அஸ்கரி பேகத்துக்கு அதற்குப் பிறகுதான் காரியமே. வடிகட்டியில் மிச்சமாகும் தூள் சக்கையை ஒரு கைப்பிடிகூட வீணாக்காமல் பழைய மண்ணெண்ணெய் டின்னில் சேர்த்து, மத்தியானம் சாப்பிட வரும்போது காசிம் தூக்கிக்கொண்டு வர வேண்டும். அது அவள் போட்ட சட்டம்.

"டீ விக்கறவனா குப்பை விக்கறவனான்னு கேக்கறாங்க" என்று காசிம் தினமும் மூக்கால் அழுவான். ஆனால் ஒருநாள்கூட டின்னை மறந்ததில்லை. மறந்தால் சோறு வரும், பேச்சு வராது.

அறுபத்தொன்றாம் வருஷம் அவர்கள் ஜானகியம்மாள் வீட்டுப் பின்கட்டுக்குக் குடிவந்தார்கள். தருமபுரி அப்போது தனி ஜில்லாவாகவில்லை. மகள் ஷகிலாவுக்கு ஆறு வயது. முன்கட்டில் ஜானகியம்மாள், பள்ளிக்கூடம் போகும் மகன் பெரியண்ணன், இரண்டு பசுக்கள். வீட்டுக்காரர் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஊருக்கு வெளியே ஒன்றரை ஏக்கர் நிலத்தை அந்த அம்மாள் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்கட்டுக்குப் பின்னால் பன்னிரண்டடிக்குப் பத்தடி காலியிடம் இருந்தது. காலியிடம் என்றுதான் சொல்ல முடியும். முழுக்கச் சுக்காங்கல். மழை பெய்தால் வெள்ளை வெள்ளையாகப் பல்லைக் காட்டும், வெயிலடித்தால் கண் கூசும். குப்பைமேனிகூட அங்கே முளைக்க யோசிக்கும். அஸ்கரி பிறந்தது கிருஷ்ணகிரிப் பக்கம். அவளுடைய அப்பா மாந்தோப்புக் காவலாளி. பச்சை இல்லாத இடத்தில் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. குடிவந்த மூன்றாம் நாளே முன்கட்டுக்குப் போய் நின்றாள்.

"அம்மா, ஒரு கூடை சாணி கெடைக்குங்களா? பின்னால ரெண்டு செடி வெக்கலாம்னு."

ஜானகியம்மாள் கறந்த பாலை உள்ளே வைத்துவிட்டு வந்து சொன்னாள்: "சாணி மட்டும் கேக்காதே பேகம்மா. எங்கூட்டுக்காரரு கண்ண மூடறப்போ சொல்லிட்டுப் போனது ஒண்ணே ஒண்ணுதான். எருவு நெலத்துக்குத்தான் போகணும், ஒரு கூடைகூட வெளிய போகக்கூடாதுன்னு. நீ வேற என்ன வேணாலும் கேளு."

வேறு எதைக் கேட்டும் அந்த அம்மாள் கொடுத்ததில்லை என்பது தனிக் கதை. ஆனால் சாணி விஷயத்தில் அவள் சொன்னது நிஜம். கொட்டிலில் விழுவதெல்லாம் எருக்குழிக்குப் போகும், சித்திரையில் குழியிலிருந்து வண்டியேறி நிலத்துக்குப் போகும். மற்ற வீடுகளில் வரட்டி தட்டுவார்கள். ஜானகியம்மாள் வீட்டுச் சுவரில் ஒரு வரட்டியைக்கூட யாரும் பார்த்ததில்லை.

சரி என்று அஸ்கரி கடப்பாரையைக் கையில் எடுத்தாள். குத்தினால் பொறி பறக்கும் அந்தக் கல்லைப் பெயர்த்து இடுப்பளவு குழி வெட்ட அவளுக்கு இரண்டு மாதம் பிடித்தது. அதில் டீத்தூள் சக்கை, முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல், காய்கறித் தோல், வேப்பஞ்சருகு எல்லாம் போயின. சந்தை கலைந்ததும் ஆடு கட்டியிருந்த இடத்தைக் கூட்டிப் புழுக்கையைச் சாக்கில் அள்ளி வருவாள். கூடவே மிதிபட்ட தக்காளி, அழுகின வாழைத்தண்டு. செக்கில் கேட்டு உதிர்ந்த ஆமணக்குப் புண்ணாக்கு. கறி கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர். அந்த வீட்டிலிருந்து சாக்கடைக்குப் போனது சோப்புத் தண்ணீர் மட்டும்தான்.

எடுத்த எடுப்பில் எல்லாம் சரியாக வந்துவிடவில்லை. சர்க்கரை ஒட்டிய சக்கையை அப்படியே போட்டதில் முதல் வருஷம் எறும்புகள்தான் விளைந்தன. இரண்டாம் வருஷம் ஆட்டுப்புழுக்கையைப் பச்சையாகக் கத்தரிக்கு வைத்தாள். பத்தே நாளில் வேர் வெந்து அத்தனை செடியும் கருகிவிட்டது. அன்றைக்கு அவள் அழுதாள். அப்புறம்தான் பொறுமை வந்தது. குழியை மூடிப்போட்டு ஐந்து மாதம் காத்திருப்பாள். பிறகு முழங்கை வரை கையை உள்ளே விட்டுப் பார்ப்பாள். உள்ளே சூடு தெரிந்தால் மறுபடியும் மூடிவிடுவாள். சூடு அடங்கி, ஈர மண்வாசனை வந்தால்தான் எடுப்பாள். ஒரு குழி நிறைந்ததும் பக்கத்தில் இன்னொரு குழி. இப்படியே நாலைந்து வருஷத்தில் அந்த இடம் முழுக்கக் கல் போய்க் கறுப்பு மண் வந்தது. வெறும் கையால் கிளறினால் மண்புழு நெளியும்.

வீட்டுக்குள் உருது பேசுகிறவள் செடிகளிடம் தமிழில்தான் பேசுவாள். கேட்டால், "இந்த ஊருச் செடிக்கு உருது எங்க தெரியும்?" என்பாள். புளித்த மோர் ஊற்றும்போது கறிவேப்பிலையிடம் தனியாகக் கொஞ்சல் உண்டு.

என்ன புதினா அது. அந்தத் தெருவில் அவள் துவையல் அரைக்கிற நாளில் நாலு வீட்டுக்காரர்கள் வெறுஞ்சோற்றை வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். அந்த வாசனையை நினைத்தால் இன்றைக்கும் மனசு என்னவோ செய்கிறது. கையகலப் பன்னீர் ரோஜா, எண்ணெய் தடவினது போல மினுக்கும் கத்தரிக்காய், எட்டடிக்கு வளர்ந்த கறிவேப்பிலை. ஷகிலா கல்யாணமாகி அரூருக்குப் போன பிறகு, வந்து திரும்பும்போதெல்லாம் அவள் மடியில் ஒரு கட்டுக் கறிவேப்பிலை பஸ் ஏறும்.

ஜானகியம்மாளுக்கு இதில் ஒரு தகராறு உண்டு, ஒரு பங்கும் உண்டு. குழியைத் திறக்கிற நாளில், "பேகம்மா, மனுசர் குடியிருக்கற வூடா இது? நாத்தம் கொடலைப் பொரட்டுது" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும். மறுநாள் காலை அதே சுவருக்கு மேலே ஒரு பித்தளைத் தட்டு வரும். அஸ்கரி அதில் ரோஜாக்களை வைப்பாள். பூ சாமி படத்துக்குப் போகும். அந்தச் செடிக்கு என்ன தண்ணீர் போகிறது என்று ஜானகியம்மாள் கேட்டதில்லை. அஸ்கரியும் சொன்னதில்லை. ஆனால் அது அவள் மனசில் சிறு முள்ளாக இருந்தது.

எழுபத்துநாலில் பெரியண்ணனுக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. கல்யாணமும் நிச்சயமானது. பின்கட்டை இடித்து, காலியிடத்தையும் சேர்த்து மாடியோடு ஒரு மெத்தை வீடு கட்டுவதாக முடிவு செய்தார்கள். அவன் நல்ல பையன்தான். கடைக்கு வந்து காசிமிடம் மரியாதையாகச் சொல்லி, வேறு வீடு பார்த்துக்கொள்ள மூன்று மாதம் அவகாசமும் கொடுத்தான்.

காசிம் மாரண்டஅள்ளி ரோட்டில் ஒரு வீடு பார்த்தான். அஸ்கரி போய்ப் பின்பக்கக் கதவைத் திறந்தாள். சுற்றுச்சுவருக்குள் வழவழவென்று ஒரே பாறை. திரும்பி வருகிற வழியெல்லாம் மனசுக்குள் மூட்டைகளை எண்ணிக்கொண்டு வந்தாள். பதிமூன்று வருஷத்தில் அவளுடையது என்று சொல்லிக்கொள்ள அந்த ஊரில் இருந்தது அந்த மண் ஒன்றுதான். கடை காசிமுடையது, வீடு ஜானகியம்மாளுடையது, மகள் இப்போது அரூர்க்காரி. மண் இல்லாமல் அந்தப் பாறையின்மேல் போய் எப்படி உட்காருவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை நல்ல நாள், தொழுகைக்கு முன்னால் குடிபோய்விடலாம் என்று காசிம் வண்டிக்காரர் சென்னப்பனுக்குச் சொல்லியிருந்தான். முதல் நடையில் பாத்திரம் பண்டம் எல்லாம் போயிற்று. வண்டி திரும்பி வருவதற்குள் அஸ்கரி மண்வெட்டியை எடுத்து நாலு மூட்டை மண் கட்டிவிட்டாள்.

"இதென்ன கூத்து? மண்ணெ மூட்டை கட்டிட்டுப் போனா ஊரு சிரிக்கும்" என்றான் காசிம்.

"சிரிக்கட்டும். டின்னைத் தூக்கினப்பவும் சிரிச்சாங்க. புதினாத் தொவையலுக்கு வந்து நிக்கலையா?"

வண்டி வந்து நின்ற சத்தத்தில் ஜானகியம்மாள் பூஜையிலிருந்து எழுந்து வந்தாள். மூட்டைகளைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"பேகம்மா, என்ன காரியம் பண்றே? வெள்ளிக்கெழமையும் அதுவுமா வூட்டு மண்ணெ வெளிய கொண்டுபோறியா? மண்ணோட மகாலட்சுமியும் போயிருவா. எம் பையன் கல்யாணத்த வெச்சிருக்கேன்."

அஸ்கரி மண்வெட்டியைக் கீழே வைத்தாள். ஆனாலும் சொல்லிவிட்டாள்: "இது வூட்டு மண்ணு இல்லீங்கம்மா. நான் வரும்போது இங்க இருந்தது கல்லு. அந்தக் கல்லு அடியில அப்படியேதான் இருக்குது. மேல இருக்கற மண்ணு நான் போட்டதுங்க."

பெரியண்ணன் நடுவில் வந்தான். "பேகமக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. தரை எங்களுது. தரைமேல இருக்கறதும் எங்களுதுதானே. செடியெல்லாம் வேணா புடுங்கிக்கங்க."

"மண்ணு இல்லாம செடியெ எங்க தம்பி வெக்கறது?" என்றாள் அஸ்கரி.

சென்னப்பன் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். அஸ்கரி மூட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து மண்ணைத் திருப்பிக் கொட்டினாள். கொட்டியதைக் குவியலாக விட்டுப்போக மனசு வரவில்லை. உட்கார்ந்து கையால் பரப்பி, தட்டிச் சமமாக்கிவிட்டுத்தான் எழுந்தாள். ஒரு பால்டப்பாவில் புதினாத் தண்டு நாலு மட்டும் எடுத்துக்கொண்டாள். காசிம் அன்று தொழுகைக்குத் தாமதமாகத்தான் போனான். அதற்காக அவன் கோபித்துக்கொள்ளவில்லை.

புது வீட்டில் முதல் மாதம் டீத்தூள் டின் வந்தது, அப்படியே இருந்தது; பிறகு வருவதும் நின்றது. "இன்னிக்கு வேணாமா?" என்று காசிம் கேட்டால், "வெக்க எடமில்ல" என்பாள். அந்த மனுஷனுக்கு அதுதான் பொறுக்கவில்லை. குப்பை தூக்க வைக்கிறாளே என்று பதிமூன்று வருஷம் அழுதவன், தூக்கச் சொல்ல மாட்டாளா என்று இப்போது ஏங்கினான். அஸ்கரி பழைய தெருப் பக்கமே போகவில்லை.

ஐப்பசி மழை விட்ட ஒரு வியாழக்கிழமை காலை சென்னப்பனின் வண்டி வாசலில் வந்து நின்றது. வண்டி நிறைய மண். கறுப்பு மண். அஸ்கரி பார்த்ததுமே அடையாளம் தெரிந்துகொண்டாள். வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"எங்க கொட்டறதுங்க?" என்று கேட்டுவிட்டு சென்னப்பன் விஷயத்தைச் சொன்னார். "கொத்தனார் வந்து அஸ்திவாரத்துக்குக் கடப்பாரை போட்டாருங்க. அது பாட்டுக்குக் கைப்பிடி வரைக்கும் உள்ள எறங்கிருச்சு. இந்த மெதுமண்ணுல சுவரு நிக்காது, கல்லு தெரியற வரைக்கும் வாரிக் கொட்டுங்கன்னுட்டாரு. தம்பி ஓடையில கொட்டச் சொல்லுச்சு. அம்மாதான் வேணாம்னு இங்க அனுப்பினாங்க. இன்னும் ஏழு நடை இருக்குதுங்க."

அன்று முழுக்க மண் வந்துகொண்டே இருந்தது. காசிம் கடையைச் சாத்திவிட்டு வந்து மண்வெட்டி பிடித்தான். ஊர் சிரிக்குமே என்ற நினைப்பே அவனுக்கு வரவில்லை. மூன்றாவது நடையில் ஒரு பாதி முட்டை ஓடு வெள்ளையாக எட்டிப்பார்த்தது. அஸ்கரி அதை எடுத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு மறுபடி மண்ணிலேயே வைத்தாள்.

சாயங்காலம் கடைசி நடை. வண்டியின் முன்பக்கம், முந்தானையைத் தலைமேல் போட்டுக்கொண்டு, ஜானகியம்மாள் உட்கார்ந்திருந்தாள். கடைவீதி வழியாக அந்த அம்மாள் மண் வண்டியில் வந்தாள் என்று சொன்னால் அன்றைக்கு யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். இறங்கியதும் முதல் பேச்சே குறையாகத்தான் வந்தது.

"ரோடா இது, இடுப்பு போச்சு. நாளைக்கு எடுத்துக்கலாம்னு அவன் சொன்னான். நாளைக்கு வெள்ளிக்கெழமை, இன்னிக்கே முடிங்கன்னு நானே ஏறி வந்துட்டேன்." பிறகு கொஞ்சம் குரல் இறங்கியது. "இதுல ஒரு கூடை நான் எடுத்துக்கிட்டேன் பேகம்மா. எங்க தொளசி சொணங்கிப் போச்சு."

அஸ்கரிக்குத் திக்கென்றது. பதிமூன்று வருஷ முள். இனியும் மறைக்க முடியாது. "அம்மா, அது மீன் கழுவுன தண்ணி ஊத்துன மண்ணுங்க. ரோசாவுக்கும் அதுதாங்க ஊத்துனேன்."

"ஏன், பதிமூணு வருசமா எம் மூக்கை நான் அடகு வெச்சிருந்தேன்னு நெனச்சியா?" என்றாள் ஜானகியம்மாள்.

அஸ்கரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்போடு கண்ணீரும் வந்தது. அதைத் துடைத்துக்கொண்டே வண்டியிலிருந்து மண்ணை வாரினாள். பாதிக்கு மேல் வாரியதும் மண்வெட்டியில் வேறு ஏதோ சிக்கியது. இன்னும் கறுப்பு, இன்னும் ஈரம். இது அவள் மண் இல்லை. வழக்கம் விட்டுப்போகவில்லை, முழங்கை வரை கையை உள்ளே விட்டாள். கொஞ்சமும் சூடு இல்லை. ஜானகியம்மாளின் எருக்குழி அடியில் கிடந்து நன்றாக மக்கிப்போன மாட்டெரு. அரை வண்டி இருக்கும்.

கையை எடுக்காமலே நிமிர்ந்து பார்த்தாள். ஜானகியம்மாள் பாறையையும் அதன்மேல் புதிதாகப் பரப்பிய மண்ணையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எருவு நெலத்துக்குத்தான் போகணும்னு அவரு சொல்லிட்டுப் போனாரு" என்றாள். "இதுவும் நெலந்தானே."

பால்டப்பாவில் நாலு இலையோடு கிடந்த புதினாவை அஸ்கரி அன்று பொழுது சாய்வதற்குள் அந்த மண்ணில் நட்டாள். மறுநாள் மத்தியானம் அவள் கேட்காமலேயே காசிம் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தான்.