பேர் கொடுத்தவன்

குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டால் அய்யாக்குட்டிக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் தேய்த்துவிட இருபது பேர் கிண்ணத்தோடு நின்றாலும், "அய்யாக்குட்டி எங்கே?" என்று தேடிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. ஜில்லாவையே நடுங்கவைக்கிற அதிகாரிகள் அவன் முன்னால் கோவணத்தோடு குப்புறப் படுத்துக் கழுத்தை ஒப்படைப்பார்கள். இவனை நம்பிக் கழுத்தைக் கொடுக்கலாம், ஆனால் கப்பலில் மட்டும் ஏறவிடக்கூடாது என்று அந்த அதிகாரிகளின் சர்க்கார் சொன்னது. வேடிக்கையான சர்க்கார்தான்.

கப்பல் ஏறவேண்டிய அவசியம் 1940 கடைசியில் வந்தது. அவனுடைய ஒரே மகள் வடிவம்மாள் மலாயாவில் இருந்தாள். தாயில்லாமல் இவன் வளர்த்த பிள்ளை. ஈப்போ பக்கத்தில் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த சுரண்டை ஊர்ப் பையன் ஒருவன் கட்டிக் கூட்டிக்கொண்டு போயிருந்தான். இரண்டாம் வருஷமே அவன் காய்ச்சலில் போய்விட்டான். பதினெட்டு வயதுப் பெண், இடுப்பில் ஐந்து மாதப் பெண்குழந்தை, தோட்டத்தில் கொடுத்த வீட்டைக் காலி பண்ணச் சொல்கிறார்கள். "அய்யா, நீங்க வந்து என்னையக் கூட்டிட்டுப் போங்க. எனக்கு வேற யாரு இருக்கா" என்று கடிதம் வந்தது. "இந்தா வாரேன், பிள்ளையப் பத்திரமாப் பாத்துக்கோ" என்று அன்றைக்கே பதில் போட்டான்.

அது யுத்த காலம். பாஸ்போர்ட் இல்லாமல் டிக்கெட் கிடையாது என்றார்கள். தென்காசித் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிப் பிழைக்கிற பஞ்சாபகேச ஐயர் விண்ணப்பத்தை நிரப்பினார். பேர், தகப்பன் பேர், அங்க அடையாளம் எல்லாம் எழுதி முடித்துவிட்டு மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "ஏதாவது குற்றத்துக்குத் தண்டனை அடைஞ்சதுண்டான்னு கேட்டிருக்கான். என்னப்பா எழுத?" என்றார்.

அய்யாக்குட்டி கொஞ்சம் யோசித்தான். பிறகு, "இல்ல சாமி" என்றான்.

பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவனுக்கு இல்லை. அதை விளங்கிக்கொள்ள வேண்டுமானால் அவன் ஊர் வழக்கம் தெரிய வேண்டும். ஊரில் அடிதடி நடந்து போலீஸ் வந்தால், அடித்தவன் யார் என்று அங்கே ஒருவரும் சொல்லமாட்டார்கள். பெரியவர்கள் கோயில் முன்னால் கூடி, எந்த வீடு ஓர் ஆம்பிளை இல்லாமல் கொஞ்ச நாள் தாங்கும் என்று பார்ப்பார்கள். அந்த வீட்டிலிருந்து ஒருவன் பேரைக் கொடுப்பார்கள். பேர் கொடுக்கிறது என்றே அதற்குச் சொல்வது. போலீசுக்கும் ஓர் ஆள் கிடைத்தால் போதும்.

இருபது வருஷத்துக்கு முந்தி, குளத்து மடையைத் திறக்கிற தகராறில் அடுத்த ஊர்க்காரன் ஒருவனுக்கு மண்டை உடைந்தது. உடைத்தவன் அய்யாக்குட்டியின் பெரியப்பா மகன் நம்பிராஜன். அப்போது நம்பிராஜன் பெண்டாட்டிக்கு நிறைமாதம், வயலில் நாற்றுப் பாவியிருந்தது. அய்யாக்குட்டிக்கு இருபது வயது, கல்யாணமாகவில்லை. அவன் அன்றைக்கு மடைப் பக்கமே போகவில்லை, வயிற்றுப்போக்கில் சுருண்டு கிடந்தான். அப்படியும், "நான் போதேன், என் பேரைக் குடுங்க" என்று தானாகவே முன்னால் வந்தான். மாஜிஸ்திரேட் கேட்டதற்கு, "நான்தான் அடிச்சேன்" என்று கோர்ட்டே திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகச் சொன்னான். ஒன்பது மாதம் பாளையங்கோட்டை ஜெயில். திரும்பி வந்தபோது ஊர் எல்லையிலிருந்து மேளம் வைத்து அழைத்தார்கள். அந்த மேளச் சத்தத்தில் கிறுக்கன் பூரித்துப்போனான்.

ஆக, தண்டனை அடைந்ததுண்டா என்று கேட்டால் அவன் மனசில் அது நம்பிராஜனுடைய தண்டனை. இவன் போய் இருந்துவிட்டு வந்தான், அவ்வளவுதான். மகளிடம்கூட அதைச் சொன்னதில்லை. அவளுக்குச் சம்பந்தம் பேசும்போது ஜெயில் கதை எதற்கு என்று ஊரே வாயை மூடிக்கொண்டது.

போலீஸ் ஸ்டேஷனில் இருந்த புஸ்தகத்துக்கு இந்த நாசூக்கெல்லாம் தெரியுமா? விசாரணைக்குக் கூப்பிட்ட சப்-இன்ஸ்பெக்டர் பழைய தடிப் புஸ்தகம் ஒன்றைத் திருப்பி அவன் முன்னால் வைத்தார். அவன் பேர், மார்பிலுள்ள மச்சம், பத்து விரல் ரேகை எல்லாம் அதில் இருந்தன. மை கொஞ்சம்கூட மங்கவில்லை.

"இது யாருலே? ஒங்க தாத்தனா?" என்றார் அவர்.

"அடிச்சது நான் இல்ல எசமான்."

"கோர்ட்டுல நான்தான்னு சொன்னது யாரு?"

மனு தள்ளுபடியாகி வந்தது. வடிவுக்கு, "கொஞ்சம் பொறு, அடுத்த மாசம் வாரேன்" என்று எழுதினான். ஐயரிடம் சொல்லி மேல்மனு போட்டான். அதுவும் தள்ளுபடி. மூன்றாவது தடவையாக, "கட்டாயம் வாரேன்" என்று எழுதினான். வேறு என்ன எழுதுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஆனியில் சாரல் தொடங்கியதும், வருஷா வருஷம் அவனிடமே எண்ணெய் தேய்த்துக்கொள்கிற ஒரு டிப்டி கலெக்டர் வந்தார். அவரைப் பாறைமேல் படுக்கவைத்து முதுகில் எண்ணெயை வார்த்துத் தேய்த்துக்கொண்டே அய்யாக்குட்டி எல்லாவற்றையும் சொன்னான். அருவி இரைச்சலுக்கு மேலே சத்தம் போட்டுச் சொல்லவேண்டியிருந்தது. கேட்கிறாரா தூங்குகிறாரா என்று முகத்தைப் பார்க்கத் தேவையில்லை, அவனுக்குத் தோளைத் தொட்டாலே தெரிந்துவிடும். கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"ஏம்ப்பா, உண்டு, ஒன்பது மாசம் இருந்தேன்னு உள்ளதை எழுதியிருந்தா நானே சிபாரிசு பண்ணியிருப்பேன். எந்தக் காலத்து அடிதடிக் கேஸ் அது? மகள் அங்கே தனியா நிக்கிறான்னா எவனும் இரங்குவான். இப்ப சர்க்காருக்கே பொய் எழுதிக் கொடுத்தவன்னு ஆயிட்டே. இதிலே நான் கை வைக்க முடியாது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அடிச்சானே, அவன் பேர்ல ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் கெடையாது எசமான். சுத்தமான பேரு."

"அப்ப அவனை அனுப்பு."

அய்யாக்குட்டியின் கை அப்படியே நின்றுவிட்டது. செய்யாததைச் செய்தேன் என்று அன்றைக்கு அத்தனை சத்தமாகச் சொன்ன வாய், உண்டு என்று சொல்லவேண்டிய இடத்தில் இல்லை என்று சொல்லிவிட்டது. இரண்டு தடவையும் கெடுத்தது தன் வாய்தான், வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. நாற்பது வயது மனிதன், ஒருவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு அழுதான். "தேய்ப்பா" என்றார் அவர், மெதுவாக.

நம்பிராஜன் வீட்டு வாசலில் போய் நின்றான். மனு தள்ளுபடியான சங்கதி ஊருக்கே தெரியும், கேட்கவேண்டியிருக்கவில்லை.

"வடிவு எனக்கும் பிள்ளைதாம்லே. நான் போய்க் கூட்டியாரேன்" என்றான் நம்பிராஜன். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "அன்னைக்கு நானே போயிருக்கணும்" என்றான்.

"அத இப்பப் பேசி என்னண்ணே" என்றான் அய்யாக்குட்டி.

நம்பிராஜன் நல்லவன். அதுதான் பெரிய சங்கடம், கோபப்படக்கூட வழியில்லை. அதே சப்-இன்ஸ்பெக்டர் அவனை உட்காரவைத்துப் பேசி, நன்னடத்தையுள்ள விவசாயி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாற்பது நாளில் பாஸ்போர்ட் வந்தது. அய்யாக்குட்டி அந்தச் சின்னப் புஸ்தகத்தைக் கையில் வாங்கினான், எண்ணெய் பட்டுவிடுமோ என்று உடனே திருப்பிக் கொடுத்துவிட்டான்.

ஐப்பசியில், மழைத் தூறலில், தென்காசி ரயில் ஸ்டேஷனில் வடிவு வந்து இறங்கினாள். கடிதம் எழுதிப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. அத்தனை நாளும் யாரோ ஒரு தோட்டக்காரர் வீட்டு அடுப்படியில் வேலை செய்து, அங்கேயே ஒரு மூலையில் படுத்திருந்தாளாம். கை வெந்து வெந்து தழும்பாயிருந்தது. குழந்தை நம்பிராஜன் தோளில் இருந்தது. அய்யாக்குட்டி இரண்டு கையையும் நீட்டினான். அது அவனைப் பார்த்துவிட்டு, நம்பிராஜன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"மூணு கடுதாசியிலயும் வாரேன் வாரேன்னு எழுதினீகளே. தோட்டத்துக்கு லாரி வாரப்பல்லாம் வாசல்ல வந்து நின்னு பாத்தேன்யா" என்றாள் வடிவு. குரலில் கோபம்கூட இல்லை, களைப்புத்தான் இருந்தது. "பெரியய்யாதான் வந்தாக. நீங்க ஏன்யா வரல? கப்பல்னா பயமா?"

நம்பிராஜன் முகம் செத்துப்போயிற்று. "வடிவு, அது வந்து..." என்று ஆரம்பித்தான்.

அய்யாக்குட்டி அவன் கையைப் பிடித்து அழுத்தினான். புருஷனை இழந்து வந்திருக்கிற பிள்ளைக்கு இனி ஊரில் ஆதரவென்று தன்னை விட்டால் இருப்பது அந்தப் பெரியப்பா வீடு ஒன்றுதான், அதை அவள் வெறுத்துவிடக்கூடாது. அந்தக் குட்டிக்கும் நாளைக்கு ஓர் இடத்தில் சம்பந்தம் பேச வேண்டும், ஜெயிலுக்குப் போனவன் பேத்தி என்று யார் வந்து கட்டுவார்கள்? உண்மையைச் சொல்லிவிட்டால் மகள் ஒருத்தி முன்னால் தனக்கு மானம் மிஞ்சும், வேறு ஒன்றும் மிஞ்சாது. அந்த மானத்துக்கு அவன் எவ்வளவு ஆசைப்பட்டான் என்பது அவனுக்குத்தான் தெரியும்.

"ஆமாட்டி" என்றான். "எனக்குக் கடல்னா பயம்."

வடிவு அதை நம்பினாள். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, பெரியப்பாவுக்குப் பின்னால் வண்டியைப் பார்த்து நடந்தாள்.