வெயிலுக்குத் திரை போடும் படிப்பு

என் மகள் என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால் எனக்கு நாக்கு எழும்பாது. கூச்சம் ஒரு பக்கம், சொன்னால் நம்ப மாட்டார்களே என்பது இன்னொரு பக்கம். பூமி சூடாகிக்கொண்டே போகிறதாம். அதைத் தணிக்க, வானத்தில் ரொம்ப உயரத்தில் மெல்லிய தூசு மாதிரி ஒன்றைத் தூவி, வெயிலில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பலாமா என்று வெளிநாடுகளில் யோசிக்கிறார்களாம். அப்படிச் செய்தால் நம்மைப் போன்ற ஏழை நாடுகளில் மழை என்னாகும், வறட்சி கூடுமா குறையுமா என்பதுதான் அவள் ஆராய்ச்சி.

எங்கள் ஊர் பரவையில் பக்கத்து வீட்டு மதினிக்கு இது தெரிந்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. நான் மொட்டை மாடியில் வத்தல் காயவைத்துக் கடைக்குக் கொடுக்கிறவள்.

"நீ வெயில வச்சுப் பொழைக்கிற, ஒம் மக வெயில மூடப் போறாளாம். ரெண்டு பேரும் ஒரே வீட்டுல எப்படிக் குடியிருக்கீக?" என்பாள்.

சிரித்துவிட்டு மாடியிலிருந்து இறங்கிவிடுவேன். களையெடுக்கப் போன காலத்தில் நான் முதுகில் வாங்கிய வெயிலை, என் வயிற்றில் பிறந்தவள் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறாள். நினைத்தாலே மனசு நிறையும். மதினியிடம் சொல்லத்தான் வாய் வராது.

போன ஆவணியில் அவளுடைய டாக்டர் பட்டத்துக்குக் கடைசிப் பரீட்சை, பசுமலைக் கல்லூரி ஒன்றில். எல்லோர் முன்னாலும் நின்று பதில் சொல்ல வேண்டும். யார் வேண்டுமானாலும் வரலாம், கேள்வியும் கேட்கலாம். முடிந்ததும் வந்தவர்களுக்குப் பலகாரம் கொடுப்பது வீட்டுக்காரர்கள் வழக்கம். அதிரசமும் முறுக்கும் சுட்டுப் பெரிய டின்னில் அடுக்கினேன். தூக்க ஒரு கை வேண்டுமே என்று மதினியும் வந்தாள்.

கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். மகள் இங்கிலீஷில் பேசினாள். திரையில் கலர் கலராய்ப் படம். வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் கேட்கக் கேட்க, தடுமாறாமல் பதில் சொன்னாள். டின் மூடியைத் திறந்து தயாராக வைத்தேன்.

அவர் எங்கள் பக்கம் பார்த்து, "பின்னாடி யாராச்சும் கேக்கணுமா?" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மதினி எழுந்துவிட்டாள்.

"நான் கேக்குறேங்க. ஏத்தா, நீ சொல்ற தூசிய மேல தூவிட்டா, நம்ம கம்மாய்க்குத் தண்ணி வருமா வராதா?"

"தெரியலை அத்தை," என்றாள் என் மகள். "சூடு தணியும். ஆனா நம்ம பக்கத்து மழைய ஒரு கணக்கு கூடும்னு சொல்லுது, இன்னொண்ணு கொறையும்னு சொல்லுது. ஒரு கம்மாய்க்குத் தண்ணி வருமான்னு யாராலயும் இப்ப உறுதியாச் சொல்ல முடியாது. நம்மளக் கேக்காம யாரும் இதச் செஞ்சிரக் கூடாதுன்னுதான் எழுதியிருக்கேன்."

"அம்புட்டுப் படிச்சும் தெரியலையா," என்று மதினி உட்கார்ந்தாள்.

நான் படித்தது அஞ்சாப்பு வரைக்கும். அங்கே தெரியாது என்று சொன்னால் பிரம்படி. பேராசிரியர்கள் எழுந்து பக்கத்து அறைக்குப் போனார்கள். டின்னை மூடிப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினேன்.

"வா, போயிருவோம்," என்றேன்.

"எதுக்கு?"

"ஒன் வாயி சும்மா இருக்காதா? பரீட்ச போச்சு."

"தண்ணி வருமான்னுதானே கேட்டேன்." அவள் முகமும் சுருங்கிப்போயிற்று.

அதற்குள் அவர்கள் திரும்பி வந்தார்கள். பட்டம் கொடுக்கலாம் என்று முடிவு செய்திருப்பதாக வெளியூர்க்காரர் அறிவித்தார். பிறகு தமிழில், "அந்தம்மா கேட்டதுக்கு வரும், வராதுன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருந்தா நான் லேசுல விட்டிருக்க மாட்டேன். தெரிஞ்சது எதுவரைக்கும்னு சரியாச் சொன்னாங்க," என்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள். நான் பெஞ்சுக்கு அடியில் குனிந்து டின்னை இழுத்துக்கொண்டிருந்தேன். அவசரத்தில் அழுத்தி மூடியிருந்த மூடி வரவில்லை. மதினிதான் பிடுங்கித் திறந்தாள். முதல் அதிரசமும் அவளுக்குத்தான்.

"பாத்தியா, நான் கேக்கலேன்னா ஒம் மக டாக்டராயிருப்பாளா?" என்றாள் வாய் நிறைய.

மறுநாள் காலையில் மாடியில் வத்தல் பரப்பிக்கொண்டிருந்தேன். மேற்கே லேசாக மூட்டம். பக்கத்து மாடியிலிருந்து மதினி குரல் கொடுத்தாள்.

"மழை வருமா மதினி?"

"தெரியலை மதினி," என்றேன், தெருவுக்கே கேட்கிற மாதிரி.