கலங்கிய தண்ணீரைக் கொட்டியவர்களுக்கு

சாட்சி சொல்லும்போது கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்குக் கோபம் வருகிறது. அதோடுதான் சொல்லப் போகிறேன்.

பட்டினச்சேரியில் இருக்கிறேன். மூன்று வருடமாக எனக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. வயிற்றில் ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். அதன் வழியாக மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து ஒரு பையில் வடிப்பேன். வீட்டிலேயே, தினமும் நான்கு தடவை. வடிந்த பையை அம்மன் காலண்டருக்கு முன்னால் தூக்கிப் பிடிப்பேன். ராகு காலம் போட்டிருக்கும் பொடி எழுத்து பை வழியே தெரிந்தால் எல்லாம் நல்லபடி என்று அர்த்தம்.

போன ஆடி இரண்டாம் வெள்ளி அந்த எழுத்து தெரியவில்லை. அரிசி கழுவிய தண்ணீர் போல வந்தது. வயிற்றைத் தொட முடியாத வலி. கலங்கினால் உடனே பையோடு வரச் சொல்லி மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். அன்று வீட்டுக்கு வந்திருந்த என் நாத்தனார் விடவில்லை.

“ஆடி வெள்ளியும் அதுவுமா இந்த அசிங்கத்த வீட்ல வச்சிருப்பியா? என்ன பாவம் பண்ணுனியோ, அதான் கலங்கி வருது.”

வாங்கிக்கொண்டு போய்க் கழிவறையில் கொட்டினார். அடுத்த பையையும் கொட்டினார். நான் என்ன பாவம் பண்ணினேன்? மீன் கூடை சுமந்தேன், பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். அன்று நாத்தனாரை விட்டுவிட்டு அம்மனிடம்தான் சண்டை போட்டேன். “தண்ணிய தெளிய வையி தாயே. இல்லன்னா இனிமே உனக்கு விளக்கு கிடையாது.”

மூன்றாவது பை இன்னும் மோசம். கைவிட்டுவிட்டாள் என்று அழுதேன்.

அப்போது என் வீட்டுக்காரர் கடலிலிருந்து வந்தார். தன் அக்கா கையிலிருந்து பையைப் பிடுங்கித் துண்டில் சுற்றினார். “கலங்குனா அடியில ஏதோ நடக்குதுன்னு அர்த்தம். கடல்ல பாக்காததா? ஆட்டோவுல ஏறு.”

மருத்துவமனையில் முதல் இரண்டு பையையும் கொட்டிவிட்டதைச் சொன்னோம். கொண்டுபோன பையைச் சோதித்துவிட்டு டாக்டரம்மா சொன்னார். “உள்ள கிருமி போயிருக்கும்மா. இவ்வளவு கலங்குனது அதால இல்ல. அத அடிக்க ஓடி வந்த உங்க வெள்ளணுக்களாலதான். வயித்துக்குள்ள எப்பவும் கொஞ்சப் பேரு காவலுக்கு இருப்பாங்க. அவங்க கூப்பிட்டுத்தான் ரத்தத்துலேர்ந்து இத்தன பேரு வந்திருக்காங்க. இதப் போயி கொட்டுனீங்களா?”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் வாய் திறந்து கேட்பதற்கு முன்பே அம்மன் ஆள் அனுப்பியிருக்கிறாள். அதைத்தான் பாவம் என்று கொட்டியிருக்கிறோம்.

வயிற்றுக்குள் விடும் தண்ணீரிலேயே மருந்தைக் கலந்து கொடுத்தார்கள். நான்காம் நாள் தெளிந்தது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக விளக்கேற்றினேன், தாயிடம் மன்னிப்புக் கேட்டேன்.

நீங்களும் அவளை நம்புங்கள். கும்பிட்ட கையோடு பையையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். நோயாளியிடம் பாவக் கணக்கு பேசுகிறவர்களிடம் வாயை மூடச் சொல்லுங்கள். நான் இப்போது சொல்கிறேன்.

நாத்தனார் இப்போதும் வீட்டுக்கு வருவார். பையை அவர் கையில் கொடுத்துக் காலண்டருக்கு முன்னால் நிறுத்துகிறேன். பை வழியே ராகு காலத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அவர் உட்கார முடியும்.